61,000 பாடசாலைகளும் ஒரு கேள்வியும்

"படித்தால்தான் நல்ல சம்பளம்" என்று எங்கள் வீடுகளில் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால், அதிகம் படித்தவர் அதிகம் உழைப்பது படிப்பினாலா, இல்லை படிக்கவைக்கும் வசதி அந்த வீட்டில் ஏற்கனவே இருந்ததாலா? நான் வாசித்தவற்றில் இதற்குத் தெளிவான பதிலைத் தந்தது, எஸ்தர் டுஃப்ளோ எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வுதான்.

1970களில் இந்தோனேசிய அரசு எண்ணெய் வருமானத்தைக் கொண்டு சில ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளைக் கட்டியது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாத மாவட்டங்களுக்கே அதிகம் கிடைத்தன. ஆகவே மாவட்டங்களை நேரடியாக ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். பாடசாலை கூடிய இடமே பின்தங்கிய இடமாகத் தெரியும்.

டுஃப்ளோ வயதைப் பிடித்துக்கொண்டார். 1974இல் 12 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய கட்டடங்களால் பயனில்லை. அப்போது 2 முதல் 6 வயதிலிருந்தவர்களுக்கு முழுப் பயன். இந்த இரு சாராருக்கும் இடையிலான வித்தியாசம், பாடசாலைகள் அதிகம் கட்டப்பட்ட மாவட்டங்களில் எவ்வளவு கூடுதல் என்று 1995ஆம் ஆண்டுத் தரவுகளில் பார்த்தார். மேலதிகமாகப் படித்த ஒவ்வொரு வருடமும் சம்பளத்தை ஏறத்தாழ 7 முதல் 11 சதவீதம் உயர்த்தியிருந்தது. பணக்கார வீடு என்ற சந்தேகத்துக்கு இங்கே இடம் குறைவு. கட்டியது அரசு, பயன்பட்டது பிறந்த வருடத்தின்படி.

2001இல் வெளியான அந்தக் கட்டுரையில் எனக்கொரு குறையும் உண்டு. கணக்கில் வந்தவர்கள் ஆண்கள் மட்டும். அதே பாடசாலைகளில் அதே வருடங்களில் எழுத்துக்கூட்டிய பெண் பிள்ளைகளின் உழைப்புக்கு என்ன நடந்தது என்பதை அது கேட்கவில்லை.