தடமிலாப் போக்குவரத்தை எண்ணுதல்: தூண்டற்சுருள் உணரி குறித்த ஒரு விளக்கம்

நுண்ணறிவுப் போக்குவரத்து அமைப்பு, சாலையின் நிலையை உணர்ந்து அதற்கேற்பச் சைகை விளக்குகளின் நேரத்தை மாற்றுகிறது. ஆதலின், வண்டிகளைப் பிழையின்றி எண்ணுவதே அதன் முதற்பணி. எளிதாகத் தோன்றும் அப்பணி இந்தியச் சாலைகளில் கடினமாவது ஏன் என்பதையும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதற்குக் கண்ட ஒரு தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சைகை நேரக் கணக்கீட்டிற்கு இன்றும் அடிப்படையாகப் பயிலப்படுவது, பிரித்தானியச் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் 1958இல் வெளியிட்ட சூத்திரம். அதற்குத் திசைதோறும் வரும் வண்டிகளின் எண்ணிக்கை வேண்டும். அதனைத் தருவனவற்றுள் ஒன்று, சாலைப்பரப்பின்கீழ்ப் புதைக்கப்படும் கம்பிச்சுருள். மாறுதிசை மின்னோட்டம் பாயும் சுருளின்மேல் வண்டி வரும்போது, அதன் உலோகப் பகுதிகளில் சுழல் மின்னோட்டம் தோன்றிச் சுருளின் மின்தூண்டல் எண் குறைகிறது. அக்குறைவே ஒரு வண்டியாகப் பதிவாகும்.

ஒரு தடத்தில் ஒரு வண்டி செல்லும் இடத்தில் இது போதும். பேருந்தின் பக்கத்தில் ஆட்டோவும், இடைவெளியில் இருசக்கர வண்டிகளும் சேர்ந்து நகரும் சாலையில் போதாது. பெரிய சுருளின்மேல் மூன்று வண்டிகள் நின்றாலும் ஒன்றெனவே பதிவாகலாம். சிறு சுருள்களை நெருக்கிப் பதித்தாலோ ஒரே பேருந்து பலவாக எண்ணப்படலாம். எண்ணிக்கை மட்டுமன்றி வகையும் தெரியவேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரசின் 1990ஆம் ஆண்டு நகர்ச்சாலை நெறிமுறை, காரை 1 எனக் கொண்டு, இருசக்கர வண்டிக்கு அதன் விகிதத்திற்கேற்ப 0.5 அல்லது 0.75 என மதிப்பளிக்கிறது. எண்ணப்படாத வண்டிக்குப் பச்சை விளக்கில் பங்கில்லை.

2012இல் வெளியான சென்னை ஆய்வு, பெரிய வெளிச்சுருளொன்றனுள் சிறு உட்சுருள்களை அமைத்தது. மிதிவண்டியின் சிற்றளவு உலோகத்தை உட்சுருள் உணரும். பேருந்தை வெளிச்சுருளின் பெருமாற்றம் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டு மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், கார், பேருந்து எனப் பிரித்தெண்ண முடிந்தது.

இவ்விடத்தில் கலைச்சொல் குறித்தும் ஒன்று கூறவேண்டும். ‘தட ஒழுங்கின்மை’ என்பது சாலையில் செல்வோர்மீது குற்றம் சுமத்துகிறது. ‘தடமிலாப் போக்குவரத்து’ என்பது நிலையை உரைக்கிறது. கருவியைச் சாலைக்கேற்ப மாற்றிய இவ்வாய்வுக்குப் பின்னதே பொருந்தும்.

புதைக்கும் உணரிக்குரிய இடர் இதற்கும் உண்டு: சாலையை வெட்டினால் சுருள் அறுபடும். ஒளிப்படக் கருவிக்கு அவ்விடர் இல்லை. ஆயினும், பேருந்தின் மறைவில் நிற்கும் இருசக்கர வண்டி அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.