சாளைக்கு யார் காவல்?

ஈரோடு மாவட்டம் சிவகிரிக்குப் பக்கத்தில், விளக்கேத்தி ஊரின் தோட்டத்து வீடொன்றில் தனியாக வாழ்ந்த முதிய தம்பதி 2025 ஏப்ரல் கடைசியில் கொல்லப்பட்டார்கள். பத்துப் பவுனுக்கு மேல் நகை போயிருந்தது. பிள்ளைகள் வெளியூரில். போனை யாரும் எடுக்காததால் ஆள் போய்ப் பார்த்தபோது மே மாதம் பிறந்துவிட்டது. இடையில் சில நாட்கள் அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2024 நவம்பரில், பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் இன்னொரு தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூவரும் கொல்லப்பட்டிருந்தனர். சிபிசிஐடி வரை போன வழக்கு அது. சிவகிரி வழக்கில் கைதானவர்கள்தான் இதையும் செய்தார்கள் என்று காவல்துறை சொல்கிறது. தேங்காய் பறிக்கும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் பைக்கில் சுற்றித் தனி வீடுகளை நோட்டம் பார்த்தவர்கள் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு நீதிமன்றத்தின் கையில்.

கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டைச் சாளை என்பார்கள். தஞ்சைப் பக்கத்துக் கிராமம் தெருவாக நிற்கும். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த திண்ணைக்குக் கேட்கும். இங்கே அப்படியில்லை. கிணறு இருக்கும் இடத்தில் வீடு. அடுத்த சாளைக்கு இரண்டு காடு தாண்டிப் போக வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தத் தனிமை உறுத்தவில்லை. பண்ணையாள் குடும்பம், மாடு பிடிக்க ஒரு பையன், ராத்திரி தண்ணீர் கட்டும் ஆள் என்று எந்நேரமும் யாராவது விழித்திருந்தார்கள். இப்போது மாடு குறைந்தது. சொட்டுநீர் வந்தபின் வாய்க்காலில் மண்வெட்டியோடு நிற்கும் ஆளும் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ. மிஞ்சியது இரண்டு முதியவர்களும் ஒரு நாயும், அம்மாவின் கழுத்தில் தாலிக்கொடியும். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியதைத் திருடனும் செய்தியில் பார்த்திருப்பான்.

வெளியூர்க் கும்பல் என்றால் தமிழ்நாட்டுக்கு உடனே நினைவு வருவது பவாரியா கொள்ளையர். லாரிகளில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளைக் குறிவைத்து, இரும்புக் கம்பியோடு கதவை உடைத்து நுழைந்தவர்கள். 2005 ஜனவரியில் பெரியபாளையம் அருகே தானாக்குளத்தில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் ஐ.ஜி. ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வட மாநிலங்கள்வரை போய் அவர்களைப் பிடித்தது. ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படம் இந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோனது. அதன் பக்கவிளைவாக, இந்தி பேசும் போர்வை வியாபாரியைக் கண்டால் சந்தேகம். ‘ஏனுங்க, தேங்கா போடோணுமுங்களா?’ என்று வருகிறவரிடம் வீட்டில் எத்தனை பேர், மகன் எப்போது வருவான் என்று எல்லாம் சொல்லிவிடுகிற வெள்ளந்தித்தனம். இரண்டுமே தப்பு. மரம் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். கேட்க வேண்டியது பெயரும் ஊரும் போன் நம்பரும். சொல்லக்கூடாதது வீட்டுச் சேதி.

காவலுக்குக் கூலி கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரைச் சீமையில் காவல் ஒரு முறையான ஏற்பாடாகவே இருந்தது. ஊர்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்று காவல்காரருக்குக் கொடுக்கும். களவு போனால் பொருளை மீட்பது அல்லது ஈடு கட்டுவது அவர் பொறுப்பு. காவல் கொடுக்காதவன் மாடு காணாமல் போகும்; துப்புக்கூலி கொடுத்தால், பெரும்பாலும் மாட்டின் பாதி விலை, அது ஏதாவது ஒரு ஓடையோரம் கட்டிக் கிடக்கும். காவலும் களவும் ஒரே கையில் இருந்த ஊர்களும் உண்டு. இதற்கு எதிராக 1896இல் திண்டுக்கல் தாலுகாவில் ஊர்கள் ஒரு ‘பண்டு’ தொடங்கின. எல்லோரும் பணம் போட்டு, களவு போன மாட்டுக்கு அதிலிருந்து நஷ்டஈடு. கால்நடைக் காப்பீடு என்று இன்று சொல்வதன் நாட்டு வடிவம். ஆனால் அது சீக்கிரமே சாதிச் சண்டையாகி வீடுகள் எரிந்தன. பிறகு பிரிட்டிஷ் அரசு வடக்கே இருந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கேயும் கொண்டுவந்து, களவு செய்தவன் செய்யாதவன் என்று பாராமல் முழுச் சமூகங்களையும் கைரேகை வைக்கச் சொன்னது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் போய் நின்றது அந்தக் கொடுமை.

சாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பண்டில் ஒரு நல்ல யோசனை மிச்சமிருக்கிறது: பக்கத்துக் காட்டுக்காரன் நஷ்டம் தன் நஷ்டமும்தான் என்பது. பத்துச் சாளைக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, காலை எட்டு மணிக்குள் ஒவ்வொருவரும் ஒரு வணக்கம் போட வேண்டும், போடாதவர் வீட்டுக்கு யாராவது வண்டியை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதற்குச் செலவே இல்லை. விளக்கேத்தியில் இல்லாமல் போனது இதுதான். ஊரைவிட்டுப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவைத்தால் ரோந்துக்காரர் எட்டிப் பார்ப்பார். நடுராத்திரி அவசரத்துக்கு 100, 112 இரண்டும் இருக்கின்றன.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். உள்ளே நுழைகிறவன் பெரும்பாலும் ஆயுதம் சுமந்து வர வேண்டியதில்லை. தொழுவத்தில் கடப்பாரை, சுவரோரம் ஏணி, மரத்தடியில் அரிவாள் என்று வீட்டுக்காரரே வைத்திருக்கிறார். அவற்றை இருட்டுவதற்குள் உள்ளே போட்டுப் பூட்டலாம். வெளி விளக்குகளின் சுவிட்ச் படுக்கையறையில் இருக்கட்டும். கோம்பையோ ராஜபாளையமோ, நாய் விடாமல் குரைத்தால் டார்ச்சோடு கதவைத் திறந்து பார்ப்பதுதான் காலகாலமான பழக்கம். அதைத்தான் முதலில் விட வேண்டும்: விளக்கைப் போட்டு, சத்தம் கொடுத்து, போனை எடுக்க வேண்டும். கேமரா வைத்தவர்கள் பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். திருடன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போகிறான். சிம் கார்டில் ஓடும் சோலார் கேமராக்கள் வந்துவிட்டன. படம் மகனின் போனுக்கே போய்விடும்.

நகைக்கு லாக்கர். வங்கியின் அலட்சியத்தால் களவு போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை ஈடு தர வேண்டும் என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. வாடகை 2,000 ரூபாய் என்றால் ஈடு 2 லட்சம்; 2025 அக்டோபர் விலைக்கு இரண்டு பவுன். குறைதான். ஆனால் நகை இல்லாத வீட்டில் உயிருக்கு ஆபத்தும் குறைவு.

இனி கிணற்று மேட்டுக்கு வருவோம். கொலைதான் செய்தியாகிறது, தோட்டக்காரர் அடிக்கடி இழப்பது மோட்டார் ஒயரும் ஆடும். தாமிரத்துக்காகக் கேபிளை அறுத்து, ரப்பரை எரித்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆடு திருடர்களை லேசாக நினைக்கவும் முடியாது. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு நிலையத்துச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் அவர்களை பைக்கில் விரட்டிப் போய், புதுக்கோட்டை எல்லைக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார்.

ஆனாலும் நாலாயிரம் ரூபாய் ஒயருக்கு யார் ஸ்டேஷனுக்கு நடப்பது என்று புகாரே கொடுக்காமல் புது ஒயர் வாங்கிக்கொள்கிறார்கள். புகார் இல்லாததால் அந்தக் காட்டுப் பாதை ரோந்துக் கணக்கில் ஏறுவதில்லை. பழைய இரும்புக் கடைக்காரரிடமும் யாரும் போய்க் கேட்பதில்லை.

(தொடரும்)