பருத்தி விலையும் பன்னாட்டுச் சந்தையும்

பருத்தியின் விலையை உள்ளூர் மண்டிக்காரரே நிர்ணயிக்கின்றார் என்று குடியானவர்களிற் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. அவ்விலையின் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உரிய காரணங்கள் பெரும்பாலும் கடல்கடந்த நாடுகளில் உள்ளன. அதனை அறியாதார் கடன்படுங்கால் பிழை செய்கின்றனர்.

2022-ம் வருஷம் மே மாதத்தில், கொட்டை நீக்கிய பஞ்சு கண்டி ஒன்று, அதாவது 356 கிலோ, நம் நாட்டில் ஒரு லட்சம் ரூபாயை எட்டிற்று. நியூயார்க் முன்பேரச் சந்தையில் ராத்தல் ஒன்றரை டாலருக்கு மேல் விற்றது. எனக்குப் பழக்கமான மிராசுதார் ஒருவர் இவ்விலை நிலைக்குமென நம்பி, வட்டிக்குப் பணம் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தி, ஆவணியில் நிலம் முழுவதும் பருத்தி விதைத்தார். நானும் அவரைத் தடுத்தேனில்லை. விலை இறங்காதென்றே நானும் கருதியிருந்தேன்.

அதே வருஷம் ஜூனில் அமெரிக்காவில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதமாயிற்று, நாற்பது வருஷங்களில் அவ்வளவு ஏற்றம் கண்டதில்லை. அதனை அடக்க அந்நாட்டு மத்திய பாங்கி, மார்ச் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை டிசம்பருக்குள் நாலேகால் சதவீதத்திற்கு உயர்த்திற்று. கடன் வாங்கிச் செலவிடுவோர் கையைச் சுருக்கினர். துணிக்கடைகளில் சரக்குத் தேங்கிற்று. திருப்பூருக்கு வரும் ஆர்டர்கள் குறைந்தன. நூற்பாலைகள் பஞ்சு கொள்முதலைக் குறைத்தன. அக்டோபர் முடிவில் நியூயார்க் விலை முக்கால் டாலருக்கும் கீழே போயிற்று. தையில் நண்பர் பருத்தி எடுத்தபோது உள்நாட்டு விலை மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. விளைச்சலில் குறையில்லை, எனினும் கடனுக்காக இரண்டு ஏக்கரை விற்றார். விலை இறங்கிற்றேயன்றிக் கடன் இறங்கவில்லை.

வரும் பருவத்தின் விலையை முன்கூட்டிச் சொல்ல எவராலும் ஆகாது. ஆயினும் கவனிக்கத்தக்க அடையாளங்கள் மூன்று உள. அமெரிக்க வட்டி ஏறினால் துணிக்குக் கிராக்கி குறையும். கச்சா எண்ணெய் மலிந்தால் அதிலிருந்து செய்யப்படும் பாலியெஸ்டர் நூலும் மலிந்து, பருத்தியோடு போட்டியிடும். பிரேஸிலில் விளைச்சல் பெருகினால் உலகச் சந்தையில் பஞ்சு மிகும். 2023-24-ல் அந்நாடு ஏற்றுமதியில் அமெரிக்காவையே முந்திற்று.

ஆதலின், கடன் வாங்குமுன் இவ்வருஷத்து உச்ச விலையைக் கணக்கிற் கொள்ளற்க. மத்திய சர்க்கார் அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை வைத்தே கணக்கிடுக. உதாரணமாக, 2022-23 பருவத்தில் நீண்ட இழைப் பருத்திக்கு அது குவிண்டாலுக்கு 6,380 ரூபாய். அவ்விலைக்கு விற்றாலும் அடைபடக்கூடிய கடனே தாங்கத்தக்க கடன். அதற்கு மேற்பட்டது சூதாட்டத்திற்கு ஒப்பாகும்.

கிராம அதிகாரிகள் விதைப்புக்கு முன்னரே அவ்விலையையும், இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் நிலையம் அமைந்துள்ள ஊரையும் சாவடியில் எழுதிவைப்பின் குடிகளுக்குப் பேருதவியாகும்.