பிறர் தறியில் நெய்யும் கிருமி! டெங்குக் காய்ச்சல் உண்டாவது எப்படி?

2012-ஆம் ஆண்டு நெல்லைச் சீமையில் டெங்குக் காய்ச்சல் பரவியது. கருப்பாநதி பாயும் கடையநல்லூரில் பலர் படுத்த படுக்கையானார்கள். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. (கடையநல்லூர் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.)

இதற்குக் காரணமான கிருமி எவ்வளவு பெரியது தெரியுமா? 20 ஆயிரம் கிருமிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்!

அது இரை தின்னாது. மூச்சு விடாது. தானாகப் பெருகவும் அதற்குச் சக்தி இல்லை. பிறகு எப்படிப் பெருகுகிறது?

திருட்டு நெசவு

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு நெசவாளி வீடு போன்றது. உடலுக்கு வேண்டிய புரதங்களை அது ஓயாமல் நெய்து தருகிறது.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது, அதன் எச்சிலோடு டெங்குக் கிருமி உடம்பில் இறங்குகிறது. சில உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. உயிரணு ஏமாந்து, ஏதோ சத்துப்பொருள் என்று அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே கிருமியின் உறை திறக்கிறது. 'ஆர்.என்.ஏ.' என்னும் பொருள் வெளிவருகிறது. புதுக் கிருமியைச் செய்யும் முறை எழுதிய ஓலை போன்றது அது.

உயிரணு அந்த ஓலையை நம்பி வேலை தொடங்குகிறது. 10 புரதங்கள் தயாராகின்றன. 3 புரதங்கள் கிருமியின் உடலாகின்றன. மற்ற 7, ஓலையை நகல் எடுப்பது முதலிய வேலைகளைச் செய்கின்றன.

தறி நம்முடையது, நூலும் நம்முடையது, துணி மட்டும் கிருமிக்கு! புதுக் கிருமிகள் வெளியேறி அடுத்த உயிரணுக்களைப் பிடிக்கின்றன.

மருந்து ஏன் இல்லை?

பாக்டீரியாவுக்குச் சொந்தத் தறி உண்டு. ஆன்டிபயாடிக் மருந்து அதைக் கெடுக்கும். டெங்குக் கிருமிக்கோ சொந்தத் தறி இல்லை. ஆகவே அந்த மருந்து அதனிடம் பலிக்காது. டெங்குக் கிருமியை ஒழிக்கும் தனி மருந்தும் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. உடலில் நீர் குறையாமல் காப்பதே முக்கிய வைத்தியம்.

காய்ச்சல் தணியும் நாளில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வழியை அடையுங்கள்!

கொசுவின் உடலிலும் கிருமி இதே திருட்டை நடத்துகிறது. நோயாளியைக் கடித்த கொசு, சுமார் 10 நாளில் நோயைப் பரப்பத் தயாராகிவிடும்.

அந்தக் கொசு பிறப்பது சாக்கடையில் அல்ல. தேங்கிய நல்ல தண்ணீரில்! தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும், மூடாத தொட்டியில் நின்றால் கொசு முட்டையிடும்.

வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யுங்கள். முட்டை ஒட்டியிருக்கும், உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு மூடி வையுங்கள். கொசு ஒழிந்தால், கிருமி நம் வீட்டுத் தறியைத் தொடவே முடியாது!