சராசரிக்குள் மறையும் மலை

ரிஷிவந்தியம், நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. அதற்கு மேற்கே எழுவது கல்வராயன் மலை. அங்கே வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஊர்களில், தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குள்தான் இரண்டும் இருக்கின்றன. எனவே மாவட்டத்தின் சுகாதாரக் கணக்கு என்று எதை அச்சிட்டாலும் இரண்டு நிலங்களும் அதில் கலந்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சமவெளியில் 10,000 குழந்தைகள் பிறந்து, ஒரு வயதுக்குள் 120 குழந்தைகள் இறக்கின்றன. சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 12. மலையில் 500 பிறந்து 40 இறக்கின்றன. அங்கே விகிதம் 80. இரண்டையும் கூட்டி வகுத்தால் மாவட்டத்துக்கு வருவது ஏறத்தாழ 15தான். மலையில் நடப்பது கணக்குக்குள் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் மலையை மட்டும் தனியாக எண்ணினால் போதாதா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டுக்கு 20 பிரசவம் நடக்கும் சிற்றூரில் ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 50. அடுத்த ஆண்டு எதுவும் இறக்காவிட்டால் பூஜ்யம். ஊர் திருந்திவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. எண்ணிக்கை சிறியதாக இருந்தால் தற்செயலே விகிதத்தை ஆட்டிவைக்கும். அதனால் பல ஊர்களையும் பல ஆண்டுகளையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், விடுபடும் மரணங்கள். வீட்டிலேயே பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்துபோகும் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போகலாம். அதன் பிறப்பும் விடுபடும், இறப்பும் விடுபடும். அதனால்தான் நல்ல ஆய்வு கருவுற்ற தாயிடமிருந்தே எண்ணத் தொடங்குகிறது. கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் கொடுத்துப் பின்தொடரும் தமிழக ஏற்பாட்டின் பயன்களில் இதுவும் ஒன்று.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, எதனால் இறந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். மருத்துவர் பார்க்காத மரணத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கவும் ஒரு முறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பார். பிறந்ததும் அழுததா, பால் குடித்ததா, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கியதா? மருத்துவர்கள் அந்தப் பதில்களைப் படித்து, இருக்கக்கூடிய காரணத்தைத் தீர்மானிப்பார்கள். இதற்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று பெயர்.

இப்படி எண்ணிப் பார்த்ததன் பலனைக் காணத் தொலைவு போக வேண்டாம். கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1990களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. அவர்கள் வந்தபோது அங்கே சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 147. உள்ளூர்ப் பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பின்னர் அந்த விகிதம் 20க்கு அருகே இறங்கியது.

உள்ளூர்ப் பெண்களை நம்பலாம் என்பதற்கு அறிவியல் சான்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலிருந்தும் வந்தது. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1986இல் அங்கே ‘சர்ச்’ (SEARCH) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகளைக் கொன்றதில் நிமோனியாவுக்குப் பெரும் பங்கு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முதல் அடையாளம் மூச்சின் வேகம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. ஆனால் ஊர் மருத்துவச்சிகளில் பலருக்கு 60 வரை எண்ணத் தெரியாது. அவர்களுக்காக மணல் கடிகாரமும் மணிகளும் கொண்ட ஒரு கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் வடிவதற்குள் சிவப்பு மணி வரை வந்துவிட்டால் மருந்து கொடுக்க வேண்டும். பின்னர் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் முறையை 39 கிராமங்களில் சோதித்தார்கள். பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் இன்று பிரசவித்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது இந்த ஆய்வின் வழியில் வந்ததே.

மலை என்றாலே தூய காற்று, சிறுதானியம், நோயற்ற வாழ்வு என்று அளக்காமலே நினைப்பவர்கள் ஆர்க்டிக் பகுதிச் செய்தி ஒன்றைக் கேட்க வேண்டும். 1980களின் இறுதியில் எரிக் தெவாய்யி என்ற கனடா ஆய்வாளர் தாய்ப்பாலில் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சை அளந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மாசற்ற இடம் வேண்டுமென்று, ஆலைகளே இல்லாத இன்யூட் மக்களின் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த தாய்மாரின் பாலில் கனடாவின் தெற்குக் கியூபெக்கில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நச்சு இருந்தது. காற்றிலும் கடலிலும் பயணித்த நச்சு மீன், சீல், திமிங்கிலம் என்று கொழுப்பு வழியே ஏறி, அவற்றை உண்டவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்தத் தாய்மாரிடம் என்ன சொல்வது? பாலூட்டுவதை நிறுத்தச் சொன்னால் கேடு இன்னும் பெரிது. நன்மையே அதிகம், தொடர்ந்து ஊட்டுங்கள் என்பதே அறிவுரை ஆனது. அளப்பதோடு ஆய்வாளரின் கடமை முடிவதில்லை. அளந்து கண்டதை, பால் கொடுத்த தாய்மாரிடமே திருப்பிச் சொல்லும் பொறுப்பும் அவருடையதே.

கல்வராயனுக்கு வேண்டியதும் இதுதான். பிறப்பு, இறப்பு, ரத்தசோகை, எடை ஆகியவற்றை மலைக்கென்று தனியாக எண்ண வேண்டும். அந்தக் கணக்கைப் பல ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும். முடிவுகளை மலை ஊர்களின் கிராம சபைகளில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். மாவட்டச் சராசரி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், மலைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.