மூன்று வாரமும் முப்பது வருடமும்

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் ஒரு மருத்துவ ஆய்வுக்காகப் படுக்கையில் படுத்தார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. மூன்று வாரம் படுத்தே கிடக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் உடம்பின் பாரம் காலில் இறங்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

படுப்பதற்கு முன்னும் பின்னும் ஓர் அளவு எடுத்தார்கள். ஒருவர் தன்னால் முடிந்த மட்டும் ஓடும்போது, அவர் உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துச் செலவழிக்கிறது என்ற அளவு அது. இதயம் ரத்தத்தை இறைக்கும் வேகம், தசைகள் அதிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சும் திறன் இரண்டும் இந்த ஒரே எண்ணில் தெரிந்துவிடும். முன்பு 3.3 லிட்டர் இருந்தது, மூன்று வாரத்தில் 2.4 லிட்டராக இறங்கிவிட்டது.

வியப்பு இதோடு நிற்கவில்லை. 1996இல் அதே ஐந்து பேரையும் மறுபடி அழைத்தார்கள். இப்போது எல்லோருக்கும் ஐம்பது வயது. ஒவ்வொருவருக்கும் சராசரியாக இருபது கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தது, உடம்பின் கொழுப்பு இரட்டித்திருந்தது. அவர்களை ஓடவிட்டு அளந்தபோது கிடைத்த எண் 2.9 லிட்டர். முப்பது வருடம் பறித்ததைவிட, இருபது வயதில் அந்த மூன்று வாரம் பறித்தது அதிகம்.

ஐந்தே பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அதே ஆட்களை முப்பது வருடம் கழித்து அதே முறையில் அளந்த ஆய்வு மிக அரிது. இந்த எண்களைப் படித்த நாளிலிருந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கும்போது "வயசாச்சு இல்லையா" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வயதின் கணக்கில் நாம் எழுதுவதில் பெரும்பங்கு நாற்காலியின் கணக்கில் சேர வேண்டியது.

உட்கார்ந்திருக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது? காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் ஆடுசதை உதவ வேண்டும். நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் அது சுருங்கி, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கீழே வழிந்துவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. மணிக்கணக்கில் கால் அசையாவிட்டால் அந்தப் பம்பு நின்றுபோகிறது. தமனிகளின் உட்சுவரைத் தடவிக்கொண்டு ஓடும் ரத்தத்தின் வேகமும் குறைகிறது. அந்தத் தடவலில்தான் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரிக்கும். தடவல் குறைந்தால் தளர்வும் குறையும்.

இதயத்துக்கு நேர்வது இன்னும் மெதுவானது. இடது கீழறை நன்றாகத் தளர்ந்து, ரத்தத்தால் நிரம்பி, பிறகு சுருங்க வேண்டும். வயிறார நிரம்பும் வாய்ப்பே கிடைக்காத அறை வருடக்கணக்கில் விறைத்துப்போகிறது, ஓட்டாமல் நிறுத்திவைத்த சைக்கிளின் டியூப் போல. விறைத்த அறை எளிதில் நிரம்பாது. அழுத்தம் பின்னால் நுரையீரல் வரை ஏறும். அந்த அழுத்தத்தால்தான் படியில் மூச்சு வாங்குகிறது.

உட்கார்ந்தே இருப்பது இதயத்தைக் கெடுக்குமோ என்ற சந்தேகத்தை முதன்முதலில் எண்களோடு எழுப்பியவர் லண்டன் மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். அன்றைய லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் பணிநேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டரோ நாளொன்றுக்குச் சுமார் 600 படி ஏறுவார். 35 முதல் 64 வயது வரையிலான போக்குவரத்து ஊழியர்கள் ஏறத்தாழ 31,000 பேரின் விவரங்களைத் திரட்டி 1953இல் அவர் வெளியிட்ட முடிவு: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உடனடிச் சாவு குறைவு. டிரைவர்கள் குண்டானவர்கள், அதனால்தான் என்று சிலர் சொல்லக்கூடும் அல்லவா? சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை வாங்கி அதையும் சரிபார்த்தார். ஒல்லியான டிரைவருக்கும் ஒல்லியான கண்டக்டரைவிட ஆபத்து அதிகமாகவே இருந்தது. தொப்பை இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இழந்தது திரும்புமா? டல்லாஸின் ஐந்து பேரும் ஐம்பது வயதில் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று பயிற்சி செய்தார்கள். அளவு 3.3 லிட்டருக்கே ஏறியது, அதாவது இருபது வயதில் இருந்த இடத்துக்கு! ஆனால் அந்த லாபம் தசைகள் ஆக்ஸிஜனைக் கூடுதலாக உறிஞ்சியதால் வந்தது, இதயத்தின் இறைப்பு கூடவில்லை.

இதயத்தையே இளக்க முடியுமா என்பதை மருத்துவர் பெஞ்சமின் லெவின் குழுவினர் அதே டல்லாஸில் ஆராய்ந்து 2018இல் விடை சொன்னார்கள். ஆரோக்கியமாக இருந்தாலும் உட்கார்ந்தே பழகிய, சராசரி 53 வயதுக்காரர்கள் இரண்டு வருடம் பயிற்சி செய்தார்கள். வாரத்துக்கு நான்கைந்து நாள், மாதங்களாகப் படிப்படியாக ஏற்றிய பயிற்சி. பெரும்பாலும் நடுத்தர வேகம்தான். அதோடு நான்கு நிமிடம் மூச்சிரைக்க உழைத்து மூன்று நிமிடம் ஆறும் சுற்றுகளும் உண்டு. முடிவில் ஆக்ஸிஜன் அளவு 18 சதவீதம் உயர்ந்தது, இடது கீழறையின் விறைப்பும் குறைந்தது. யோகா, சமநிலை, எடைப் பயிற்சி மட்டும் செய்த மற்றொரு குழுவின் இதயத்தில் இந்த மாற்றம் இல்லை. யோகாவுக்கு வேறு நன்மைகள் உண்டு, இதயத்தை இளக்க மூச்சிரைக்க வேண்டும்.

இதே குழு முன்பு 65 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு வருடம் பயிற்சி தந்து பார்த்திருக்கிறது. அவர்களுக்குத் தெம்பு கூடியது, ஆனால் இதயத்தின் விறைப்பு மாறவில்லை. அதனால்தான் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ நெஞ்சுவலியோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓய்வு பெற்ற பிறகு நடக்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.