திருமலைக் கல்வெட்டு (போளூர்)

திருமலைக் கல்வெட்டு என்பது திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள திருமலை என்னும் சமணத் தலத்தில், முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1024-25) பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டாகும். சோழரின் கங்கைப் படையெடுப்பை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் இது ஒன்று.

மெய்க்கீர்த்தி

கல்வெட்டின் முற்பகுதி அரசனின் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்தி ஆகும். ஈழம் முதலிய வெற்றிகளோடு, தண்டபுத்தியின் தன்மபாலன், தக்கணலாடத்தின் இரணசூரன், வங்காள தேசத்தின் கோவிந்தசந்தன், மகிபாலன் ஆகியோர் தோற்றதும், படை கங்கையை அடைந்ததும் இதில் கூறப்படுகின்றன. பாலர் குல மன்னன் மகிபாலன் இராசேந்திரனின் சமகாலத்தவன் என்பதை இக்கல்வெட்டைக் கொண்டே வரலாற்றாசிரியர்கள் உறுதி செய்தனர். கடார வெற்றி இதில் இல்லை. அது 14ஆம் ஆட்சியாண்டு முதலான கல்வெட்டுகளிலேயே இடம்பெறுகிறது.

கொடைச் செய்தி

இக்கல்வெட்டு அரசன் அளித்த கொடையைப் பற்றியது அன்று. பெரும்பாணப்பாடியில் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை சினாலயத்துத் தேவருக்கு நந்தாவிளக்கு எரிக்கக் காசு அளித்த செய்தியே இதன் நோக்கம். கொடையின் காலத்தைக் குறிக்க அரசனின் ஆட்சியாண்டும், அதற்கு முன் மெய்க்கீர்த்தியும் எழுதுவது அக்கால வழக்கம். வணிகர் குடும்பத்துப் பெண் ஒருவர் ஏற்றிய விளக்கினால் வடநாட்டுப் போர்ச் செய்தி ஒரு குன்றின் பாறையில் நிலைத்தது.

ஆட்சிப் பிரிவுகள்

திருமலை, சயங்கொண்ட சோழமண்டலத்துப் பங்களநாட்டின் நடுவிலுள்ள முகைநாட்டு வைகாவூரைச் சேர்ந்ததாகவும், பள்ளிச்சந்தமாகவும் குறிக்கப்படுகிறது. மண்டலம், நாடு, ஊர் என்ற சோழர் ஆட்சி அமைப்பை இதில் காணலாம். பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் அல்லது ஊராகும்.

திருமலைத் தலம்

சினாலயம் முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கியுள்ளது. இங்குள்ள நேமிநாதர் சிலை சுமார் 16 அடி உயரமுடையது. நேமிநாதர் 22ஆவது தீர்த்தங்கரர். கண்ணனின் உறவினர் என்பது சமண மரபு. இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணவீர மாமுனிவன் ஏரிக்குக் கலிங்கு அமைத்ததைக் கூறுகிறது. மற்றொரு கல்வெட்டு, சேரர் மரபின் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்களை அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததைத் தெரிவிக்கிறது.